அந்தோணியார் திருநாளும் வீட்டுப் பிள்ளைகளும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவிரிப் படுகையில் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் திருநாள் என்றதும் முதலில் வேளாங்கண்ணி நினைவுக்கு வரும், அடுத்தது பூண்டி மாதா கோயில். இரண்டும் பெருங்கூட்டம் கூடும் இடங்கள், பயணம் போக வேண்டிய இடங்கள். ஊர்க்கோயிலிலும் வீட்டிலுமாகப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் அளவில் கொண்டாடக்கூடிய திருநாள் ஜூன் 13, கோடி அற்புதர் புனித அந்தோணியார் திருநாள். நான் மறைக்கல்வி வகுப்பு நடத்துகிறவள் என்பதால் மே மாதக் கடைசியிலேயே பெற்றோரின் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். அவற்றையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன். வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிய திருநாளைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். தங்கள் கையால் ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்த திருநாளை மறக்க மாட்டார்கள். இது என் உறுதியான எண்ணம். பதில்கள் பலவும் இதையொட்டியே இருக்கும்.

ஜனவரியிலும் அந்தோணியார் திருநாள் வருகிறதே, எது சரி?

இரண்டும் சரி, ஆள்தான் வேறு. ஜனவரி 17 வனத்து அந்தோணியாருக்கு உரிய நாள். எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்து 356-இல் இறந்தவர், கால்நடைகளின் பாதுகாவலர். மாட்டுப் பொங்கலை ஒட்டி வருவதால் சில ஊர்களில் அன்று மாடு கன்றுகளைக் கோயில் வாசலுக்கு ஓட்டிவந்து மந்திரித்துச் செல்வார்கள். ஜூன் 13 இத்தாலி நாட்டுப் பதுவை நகரின் அந்தோணியாருடையது. சுரூபத்தை, அதாவது சிலையை, காட்டினால் பிள்ளைகளே பிரித்துச் சொல்லிவிடுவார்கள்: நரைத்த தாடியும் காலடியில் பன்றியும் என்றால் வனத்தார், இளமுகமும் கையில் குழந்தை இயேசுவும் லீலி மலரும் என்றால் பதுவையார்.

பிள்ளைக்கு அவர் கதையை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

பிறந்த ஆண்டிலிருந்து தொடங்காதீர்கள், கப்பலிலிருந்து தொடங்குங்கள்.

போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் 1195-இல் பிறந்து, பெர்னாண்டோ என்று பெயர் பெற்று, அகுஸ்தினார் சபையில் துறவியாக அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தவர் அவர். மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அவர் படித்துக்கொண்டிருந்த கொயிம்பிரா நகருக்குக் கொண்டுவரப்பட்டதைப் பார்த்து மனம் கலங்கினார். 1220-இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, அந்தோணி என்று பெயர் மாற்றிக்கொண்டு, தாமும் மொராக்கோவுக்குக் கப்பல் ஏறினார். போன இடத்தில் கடும் நோய். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மீண்டும் கப்பல் ஏறினால், காற்று அதை இத்தாலியின் சிசிலித் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. போக நினைத்த ஊர் ஒன்று, போய்ச் சேர்ந்த ஊர் வேறு. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்த இடம் நன்றாகப் பிடிபடும். தேர்வில், விளையாட்டில், நினைத்தது நடக்காமல் போன அனுபவம் அவர்களுக்கும் உண்டு.

இத்தாலியில் அவரை யாருக்கும் தெரியாது. மலைப்பக்கத்துச் சிறு மடம் ஒன்றில் அமைதியாக இருந்தார். 1222-இல் ஃபோர்லி நகரில் குருக்களைத் திருநிலைப்படுத்தும் குருப்பட்ட விழா ஒன்றில் மறையுரை ஆற்ற ஆள் ஆயத்தமாக இல்லை. அங்கிருந்த அந்தோணியாரை எழுந்து பேசச் சொன்னார்கள். பேசினார், சபையே வியந்தது. அதன்பின் சுமார் ஒன்பது ஆண்டுகள் இத்தாலியிலும் தென் பிரான்சிலும் ஊர் ஊராக நடந்து மறையுரை ஆற்றினார்.

சிறு பிள்ளைகளுக்கு மரத்து வீட்டைச் சொல்லுங்கள். 1231-இல் உடல் தளர்ந்திருந்த நிலையில் கம்போசம்பியேரோ என்ற ஊரில் தங்கியபோது, பெரிய வால்நட் மரத்தின் கிளைகளுக்கு நடுவே அவருக்குச் சிறு குடில் அமைத்துக் கொடுத்தார்கள். நம் பக்கம் வயற்காவலுக்குப் போடும் பரண் போல என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். அங்கிருந்துதான் செபித்தார், மக்களுக்கு அறிவுரை சொன்னார். அவ்வூரில் ஒரு நாள் குழந்தை இயேசுவை அவர் ஏந்தியிருந்ததைக் கண்டதாக அவரைத் தங்கவைத்த வீட்டுக்காரர் சொன்னார் என்பது மரபு. சுரூபத்தில் நாம் பார்ப்பது அதையே. அதே ஆண்டு ஜூன் 13 அன்று, பதுவை நகர வாசலை எட்டும் முன்பே இறந்துவிட்டார். ஓர் ஆண்டு முடியும் முன்னரே, 1232 மே 30 அன்று, திருத்தந்தை 9ஆம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். 1946-இல் மறைவல்லுநர், அதாவது திருச்சபையின் போதனைக்குச் சிறந்த ஆசிரியர், என்ற சிறப்பும் கிடைத்தது.

மீன்களுக்குப் போதித்தார் என்கிறார்களே, "உண்மையாகவா?" என்று பிள்ளை கேட்டால்?

ரிமினி நகரத்து மக்கள் காதுகொடுக்க மறுத்ததால் அவர் ஆற்றங்கரையில் நின்று மீன்களைப் பார்த்துப் பேசினார் என்றும், மீன்கள் தலை தூக்கிக் கேட்டன என்றும் பழைய கதை சொல்கிறது. "அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து எழுதி வைத்த கதை, அவரை நேசித்தவர்கள் சொல்லிச் சொல்லி வந்தது" என்று உள்ளபடியே சொல்லுங்கள். பிறந்த ஊரும் இறந்த நாளும் வரலாறு. மீன் கதை மரபு. இந்த வேறுபாட்டைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளை, பின்னாளில் யாராவது கேள்வி எழுப்பும்போது நம்பிக்கை இழந்து நிற்காது.

கதையோடு கைவேலையும் இருக்கட்டும். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ஆற்று மீன்களை அட்டையில் வரைந்து வெட்டி, சுரூபத்தின் முன் வரிசை வரிசையாக நிறுத்துவார்கள்: கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, அயிரை. ஒரு சிறுமி தான் வரைந்த கெளுத்தியை மட்டும் தனியே கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். கேட்டதற்கு, "முள் மற்ற மீனைக் குத்திவிடும், அவை பிரசங்கம் கேட்க வேண்டுமே" என்றாள்.

நவநாள் ஒன்பது நாளும் பிள்ளைகளை உட்கார வைக்க முடியவில்லை. என்ன செய்வது?

உட்கார வைக்க வேண்டாம். ஜூன் 4 முதல் 12 வரை கோயிலில் நடக்கும் நவநாளுக்குப் பெரியவர்கள் போகட்டும். பிள்ளைகள் கொடியேற்றத்துக்கும் ஏதேனும் ஒரு மாலைக்கும் வந்தால் போதும். பள்ளி திறந்த புதிது, புதுப் புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலையே மீதம் இருக்கும். வீட்டில் விளக்கேற்றி ஒரு மன்றாட்டு, ஒரு பாட்டு, ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு யாருக்காகச் செபிக்கிறோமோ அவர் பெயரைப் பிள்ளை சொல்லட்டும். மன்றாட்டு மாலை முழுவதையும் ஆறு வயதுப் பிள்ளையிடம் ஒப்பிக்கச் சொல்வது அந்தோணியாருக்கும் பிடிக்காது என்றே நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு உரிய நாளானது அவர் அடக்கம் செய்யப்பட்ட நாள் செவ்வாய் என்பதால். திருநாளுக்கு முன் தொடர்ந்து 13 செவ்வாய்க்கிழமைகள் செபிக்கும் பக்தி முயற்சியைக் குடும்பமாகச் செய்ய விரும்புகிறவர்கள் மார்ச் மாதமே தொடங்க வேண்டும்.

அந்தோணியார் ரொட்டி என்பது என்ன? பிள்ளைகளை அதில் எப்படிச் சேர்ப்பது?

இந்தப் பக்கத்தில் நான் மிக விரும்பி எழுதும் பதில் இதுதான்.

பதுவையில் அவருடைய பேராலயம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், அருகில் வாழ்ந்த ஒரு தாயின் குழந்தை தொமாசினோ தண்ணீர்த் தொட்டியில் விழுந்து மூழ்கிவிட்டான் என்பது மரபு. பிள்ளையை மீட்டுத் தந்தால் அவன் எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்குத் தருவதாக அந்தத் தாய் அந்தோணியாரிடம் வேண்டினாள், பிள்ளை பிழைத்தான். அதிலிருந்து பிள்ளையின் எடைக்குத் தானியம் கொடுக்கும் வழக்கம் வளர்ந்து, ஏழைகளுக்கு ரொட்டி வழங்குவதாக உலகெங்கும் பரவியது. நம் கோயில்களில் திருநாளன்று மந்திரித்துக் கொடுக்கும் ரொட்டியின் பின்னால் இருப்பது இந்தக் கதைதான்.

ஆனால் பெரும்பாலான இடங்களில் அந்த ரொட்டியை நாமே வாங்கி நாமே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். பசித்தவனுக்குப் போக வேண்டியது அது. ஆகவே ரொட்டியோடு அரிசியையும் சேருங்கள் என்று பெற்றோரிடம் வற்புறுத்திச் சொல்கிறேன். நெல் விளையும் மண்ணில் பிள்ளையின் எடைக்கு அரிசி கொடுப்பதைவிடப் பொருத்தமான காணிக்கை ஏது?

பிள்ளையின் இப்போதைய எடைக்குக் கொடுக்க வசதி இருந்தால் கொடுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு 25 கிலோ சிப்பம் ஒன்று வாங்கினால் தாராளமாகப் போதும். வசதி இல்லாதவர்கள் பிள்ளை பிறந்தபோது இருந்த எடைக்குக் கொடுக்கலாம். மருத்துவமனை அட்டையில் எழுதியிருக்கும். 2 கிலோ 800 கிராம் என்றால் அதே அளவு அரிசி. கடையில் நிறுக்கும்போது பிள்ளை தராசு முள்ளையோ எண்ணையோ பார்க்கட்டும். பையை மார்போடு சேர்த்து அவனிடம் கொடுத்து, "நீ இவ்வளவுதான் இருந்தாய், இப்படித்தான் உன்னைத் தூக்கினேன்" என்று தாய் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! பையை ஏந்தும் விதமே மாறிவிடும். ஒரு கையால் அடியைத் தாங்கிக்கொள்வார்கள்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ரேஷனில் கிடைத்து வீட்டில் சமைக்காமல் கிடக்கும் அரிசியைக் கொடுக்காதீர்கள். நீங்கள் உண்ணும் அரிசியைக் கொடுங்கள். பொன்னி உண்கிறீர்களா, பொன்னியே கொடுங்கள். அடுத்தது, வாங்குகிறவரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். தனியே வாழும் முதியவர் யார், வேலையில்லாத குடும்பம் எது என்று அன்பியத்திலும் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழு) ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் தெரிந்திருக்கும். மாலையில் பிள்ளையோடு போய், திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

காலமும் பொருத்தமானது. சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டால், குறுவை வேலை தொடங்கும் வரை விவசாயக் கூலி வீடுகளில் கையிருப்பு கரையும் மாதங்கள் மே, ஜூன். திருநாள் சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது.

மேட்டூர் திறக்கும் நாளும் திருநாளும் ஒட்டியே வருகின்றன. பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-இல் திறப்பது வழக்கம், மறுநாள் திருநாள். எல்லா ஆண்டும் அப்படி அமைவதில்லை. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-இலும் 2025-இலும் ஜூன் 12. 2024-இலோ ஜூலை 28 வரை காத்திருந்தோம். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரச் சில நாட்கள், கடைமடைக்கு வர அதற்கும் மேல். எனவே நவநாளின் ஒரு மாலையைத் தண்ணீருக்காக ஒதுக்குங்கள். கர்நாடகத்தில் மழை, அணை நீர்மட்டம், கல்லணை, தம் ஊர் வாய்க்கால் என்று பிள்ளைகள் வரிசையாகச் சொல்லிச் செபித்தால், சோறு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இதோடு ஓர் எச்சரிக்கை. கோடை முழுவதும் மணலாகக் கிடந்த ஆற்றில் நுரையும் சருகுமாகப் புதுத் தண்ணீர் வரும்போது பிள்ளைகள் ஓடிப்போய் இறங்குவார்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. திருநாள் கூட்டத்தில் யார் பிள்ளை எங்கே என்று யாரும் பார்ப்பதில்லை. தொமாசினோ கதையைச் சொல்லும் வீட்டில், ஆற்றுக்குப் பெரியவர் துணையில்லாமல் போகக்கூடாது என்ற கட்டளையும் அதே மூச்சில் வர வேண்டும்.

தேர்பவனிக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம், முழுப் பவனியும் வேண்டாம். இரவு ஒன்பதுக்கு மேல் புறப்பட்டுத் தெருத் தெருவாகச் சுற்றி வர நள்ளிரவாகும். தேர் உங்கள் தெருமுனைக்கு வரும் நேரத்தை விசாரித்துக்கொண்டு, வாசலில் கோலமிட்டு, மெழுகுதிரியும் சம்பங்கி மாலையும் ஏந்தி வரவேற்பது சிறு பிள்ளைகளுக்குப் போதும். கூட்டத்துக்குள் போவதானால் தொலைபேசி எண் எழுதிய துண்டுச் சீட்டைச் சட்டைப்பையில் வையுங்கள். வெடி வைக்கும் இடத்தைத் தவிருங்கள்.

மின் அலங்காரத் தேரைப் பிள்ளைகள் தொட்டு இழுக்க விடாதீர்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் கோயில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். எந்த மதத்துத் தேருக்கும் கம்பி ஒன்றுதான். தேர் வரும் வழியில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்றா என்று திருவிழாக் குழுவிடம் பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை. கேளுங்கள்.

கோயிலில் சிலர் தலைவிரித்து ஆடுவதைப் பார்த்துப் பிள்ளை பயந்துவிட்டது. என்ன சொல்வது?

அந்தோணியார் கோயில்கள் சிலவற்றில் இது உண்டு. "பேய்" என்று பயமுறுத்த வேண்டாம். "அவர்கள் மனத்திலோ உடலிலோ வலியோடு வந்திருக்கிறார்கள், நாம் அவர்களுக்காகச் செபிப்போம்" என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அப்படித் துன்பப்படுகிறவர் உங்கள் வீட்டிலேயே இருந்தால், செபத்தோடு மருத்துவரிடமும் காட்டுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பிள்ளை பெயரில் மொட்டை வேண்டியிருக்கிறோம், மறுக்கிறான்.

கைக்குழந்தைக்குச் செய்வது வேறு. பள்ளிக்குப் போகிறவனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேண்டியது நீங்கள், தலை அவனுடையது. காரணத்தைச் சொன்னால், "நீ காய்ச்சலில் கிடந்தபோது வேண்டிக்கொண்டேன்" என்றால், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சம்மதிக்காவிட்டால் பங்குத்தந்தையிடம் பேசி, வேண்டுதலை வேறு நற்செயலாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. மொட்டை போடும்போது புது பிளேடு என்பதை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு அந்தோணியாரின் துறவு உடை போலப் பழுப்பு அங்கி தைத்துப் போடும் வழக்கமுள்ளவர்கள், இடுப்புக் கயிற்றின் மூன்று முடிச்சுகள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற துறவிகளின் மூன்று வாக்குறுதிகளைக் குறிக்கும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

பென்சில் தொலைந்தாலும் அந்தோணியாரைக் கூப்பிடுகிறாள். சரியா?

கூப்பிடட்டும். அவருடைய குறிப்புகள் எழுதிய திருப்பாடல் நூலை மடத்தை விட்டுப் போன இளந்துறவி ஒருவர் எடுத்துச் சென்றுவிட, இவர் செபிக்க, அவர் மனம் மாறித் திருப்பித் தந்தார் என்ற கதையிலிருந்து வந்த பக்தி இது. புத்தகத்தோடு அதை எடுத்தவரும் திரும்பி வந்தார் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். செபித்துக்கொண்டே தேட வேண்டும். செபித்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கிடைத்த பின் நன்றியும் சொல்ல வேண்டும். பிள்ளையோடு சண்டை போட்டுப் பிரிந்த தோழியும் தொலைந்த பொருள்தான். அந்தத் தோழிக்காகவும் ஒரு செவ்வாய் வேண்டச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளை அழைக்கலாமா?

நம் ஊர்களில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்ற வருகிறவர்களில் பலர் மற்ற மதத்தவர்தாம். அழையுங்கள். செபம் சொல்ல வற்புறுத்தாதீர்கள். மீன் வரைவதற்கும் பாயசத்துக்கும் மதம் தேவையில்லை. அவர்கள் வீட்டுப் பண்டிகைக்கு உங்கள் பிள்ளையும் போகட்டும்.

வீட்டில் அந்தோணி என்ற பெயரே இல்லை. கொண்டாடலாமா?

கொண்டாடலாம். அந்தோணிசாமி, அந்தோணியம்மாள், அந்தோணிராஜ் எல்லோருக்கும் அது நாமவிழா, அவ்வளவே. உங்கள் பிள்ளைக்கு அவன் பெயர்கொண்ட புனிதரின் நாளையும் தேடி வைத்து, அன்று ஞானத்தாயையும் ஞானத்தந்தையையும் சோறுண்ண அழையுங்கள்.

வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ வந்தால்? அன்று என்ன சமைப்பது?

உங்கள் ஊர்க்கோயிலின் பாதுகாவலர் அந்தோணியார் என்றால் அந்த ஊருக்கு அது பெருவிழா. வெள்ளியானாலும் அந்நாளுக்குரிய இறைச்சி ஒறுத்தல் கட்டாயமில்லை. மற்ற ஊர்களில் அது நினைவு நாள் மட்டுமே. ஞாயிறு வந்தால் ஞாயிறு வழிபாடே முதன்மை பெறும். வீட்டில் கொண்டாடுவதற்குத் தடையில்லை. சமையல் உங்கள் விருப்பம். பிள்ளைகளை அடுப்படியில் சேர்த்துக்கொள்ள ஏற்றது திருவையாற்று அசோகா அல்வா: பாசிப்பருப்பு வறுபடும் மணம் வந்ததும் சொல்ல வேண்டிய பொறுப்பைச் சிறியவரிடம் கொடுங்கள். கிளறுவது பெரியவர் வேலை, அது தெறிக்கும்.

மந்திரித்த ரொட்டி மீந்துவிட்டால்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்குங்கள்: அது திருப்பலியில் தரும் நற்கருணை அல்ல. புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்காத பிள்ளைகளும் உண்ணலாம், வேறு மதத்தவரும் உண்ணலாம். புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், ஆகவே அவர்களிடம் இதைத் தனியே சொல்லுங்கள். மந்திரித்தது என்பதற்காக அலமாரியில் வைத்துப் பூசணம் பிடிக்க விடாதீர்கள். அன்றே உண்டு முடியுங்கள், அல்லது கோயிலுக்கு வர முடியாத நோயாளி வீட்டுக்குப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். கெட்டுப்போனால் குப்பையில் போடாமல் செடியடியில் புதைத்துவிடுங்கள். காய்ந்த மாலைக்கும் அதே வழிதான்.